ஆறாவது வீடு

புந்தோங், ஈப்போ.
3.1.2025

அன்பு மகன் யுகேந்திரனுக்கும் மருமகள் தினேஸ்வரிக்கும் அம்மா எழுதுவது. பெருமாள் கிருபையில் நாங்கள் இருவரும் உடம்பால் சுகம். உங்கள் ஊரில் இப்போது வெயில் காலம் என்று அப்பா சொன்னார். இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. ஒரு துணி காய மூன்று நாள் ஆகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் எப்போதும் அப்பாவின் சட்டைப்பையில்தான் கிடக்கிறது. நீ அனுப்பும் குரல்பதிவை அவர் சத்தமாக வைத்து இரண்டு தடவை கேட்பார், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். நான் சொல்லப்போவது அவர் காதில் விழக் கூடாத விஷயம்.

அப்பாவின் அறுபத்தைந்தாம் வயதுக்குப் பரிசாக நீ பதிந்திருக்கிறாயே மான் வேட்டைப் பயணம், அதை ரத்து செய்துவிடு, தம்பி.

நீ அனுப்பிய புத்தகமும் படிவமும் திங்கட்கிழமையே வந்து சேர்ந்தன. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பதினெட்டுப் பக்கத்தையும் படித்துவிட்டேன். ஐந்து நாள், மலை மேல் தங்கும் வீடு, கூடவே வழிகாட்டி, வெந்நீர் வசதி. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. பிப்ரவரி 15க்குள் வேண்டாமென்று சொன்னால் கட்டிய முன்பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும் என்று பதினாறாம் பக்கத்தில் போட்டிருக்கிறது. நீ அதைப் பார்த்தாயோ என்னவோ என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவின் வலது முழங்கால் உனக்குத் தெரியும். மார்க்கெட்டுக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். அவரை மலையில் ஏற்றி இறக்குவது யார்? ரத்த அழுத்த மாத்திரையை வேறு போன மாதம் கூட்டியிருக்கிறார்கள். விமானம் ஏறக் கடப்பிதழ் வேண்டும், அதுவும் காலாவதியாகிவிட்டது. பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறேன், அது சரியாக நீங்கள் மலையில் இருக்கும் வாரத்தில் வருகிறது. துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. அதன்பிறகு அவர் கையில் பிடித்த ஆயுதம் கொசு அடிக்கும் பேட் ஒன்றுதான்.

புத்தகம் வந்ததிலிருந்து ஒரே பக்கத்தைத்தான் விரித்து வைத்துக்கொண்டிருக்கிறார். மான் படம் போட்ட பக்கம் இல்லை. பாதுகாப்பு விதிகள் என்ற ஏழாம் பக்கம். அன்றைக்கு அந்த மலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று வழிகாட்டி காலையிலேயே கேட்டு எழுதிக்கொள்வாராம். நேற்றுச் சாப்பிடும்போது, “பாத்தியா கலா, அங்க ஒரு ஆள் விடாம கேட்டுட்டுதான் உள்ள போறாங்க” என்றார். நான் ரசம் எடுக்க எழுந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு எல்ஸி அத்தை கேக் கொடுத்தனுப்பினாள். விவியன்தான் சிலிபினிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தாள். “இது உங்களுக்குன்னு மம்மி சொன்னாங்க, ஆன்ட்டி” என்று வழக்கம்போல வாசலிலேயே நின்று கொடுத்தாள். அப்பாவும் வழக்கம்போல அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டார். ஜோசப் மாமாவைப் பறிகொடுத்ததிலிருந்து எல்ஸி அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னிடம் மட்டும் ஒரு குறையும் வைத்ததில்லை.

நீ அன்பாகச் செய்ததை வேண்டாம் என்கிறேனே என்று வருத்தப்படாதே. அந்தப் பணத்துக்கு தினேஸ்வரியை எங்காவது கூட்டிக்கொண்டு போ. சரியான நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

எப்போதும் உங்கள் நினைப்பில் இருக்கும்,
அம்மா.


புந்தோங்.
27.1.2025

அன்பு யுகேந்திரனுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை அப்பா குளிக்கப் போன நேரத்தில் நீ போனில் சொன்னதெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது. “முட்டி வலிக்கு வண்டி வச்சிருக்காங்கம்மா, கடப்பிதழுக்கு ஒரு மணி நேரம் போதும். நீங்க இன்னும் எத்தனை வருஷம் அவரக் கட்டிப் போடப் போறீங்க? அவரு மறந்துட்டாரு, ஒரு தப்பு. காட்டுக்குள்ள திரும்ப ஒரு தடவ நடந்தாத்தான் அவரு தன்னை மன்னிப்பாரு” என்றாய். உனக்கு எவ்வளவு நல்ல மனசு. ஆனால் அந்த வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை.

அவர் மறக்கவில்லை, தம்பி.

முழங்கால், மாத்திரை, பால்குடம், எல்லாம் நான் அடுக்கிய சாக்கு. இனி எழுதுவதை உட்கார்ந்து நிதானமாகப் படி. தினேஸ்வரியும் படிக்கலாம்.

நாம் முன்பு இருந்த தோட்டத்தில் ரப்பர் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது கன்றுகளைக் காட்டுப்பன்றி கிளறித் தள்ளியது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா தோட்டத்து ஜாகா, காவல் வேலை. மேனேஜர் அனுமதியோடு, துப்பாக்கி உரிமம் உள்ள பட்டணத்து ஆட்களைப் பத்தொன்பதாம் பிளாக்குக்கு வழிகாட்டிக் கூட்டிப்போவார். என்னைத் தங்கச்சி என்றே கூப்பிடும் ஜோசப் மாமா நாய்களோடு முன்னால் போவார். ஆனால் போனை எடுத்து நாள் குறித்துக் கொடுப்பது யார்? நான்தான். யார் வருகிறார்கள், எத்தனை பேர், எந்த நாள் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைப்பேன். எப்போதும் சனிக்கிழமைதான். ஞாயிறு ஜோசப் மாமாவுக்கு மாதா கோயில் பூசை. சனிக்கிழமை காலையில் அந்தப் பிளாக்கில் வேட்டை என்று லயத்து வீடு எல்லாவற்றுக்கும் தெரியும், புல் அறுக்கவோ விறகு பொறுக்கவோ ஒருத்தரும் போகமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போவார்கள்.

அந்த வருடம் புரட்டாசி மூன்றாம் சனி. பினாங்கிலிருந்து ஒரு பல் டாக்டர் பல வாரத்துக்கு முன்பே அந்த நாளைக் கேட்டு வைத்திருந்தார். பன்றியை அறுத்துப் பங்கு போடுவது நம் வீட்டு முற்றத்தில். மாவிளக்கு போடும் நாளில் வாசலில் ரத்தமா என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்பா ஒத்துக்கொண்டு, “இந்த வாரம் இல்ல மச்சான், உன் தங்கச்சி விரதம்” என்று ஜோசப் மாமாவிடம் சொல்லிவிட்டார். மாமா சிரித்து, “சாமி பன்னிக்கும் லீவு குடுத்திருச்சு” என்றாராம்.

டாக்டருக்குச் சொல்வதற்குள் அவர் முந்தின நாளே ஈப்போவுக்கு வந்து தங்கிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் போன் செய்து ஞாயிறு காலையாவது கூட்டிப்போங்கள் என்று கெஞ்சினார். பாவம், அவ்வளவு தூரம் வந்துவிட்டாரே என்று நான் சரி சொல்லிவிட்டேன். நோட்டில் சனி என்று இருந்ததை அடித்து ஞாயிறு என்று எழுதினேன். அப்பா வேலையில் இருந்து சாப்பிட வந்தபோது சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. “ஞாயித்துக்கெழம ஆளுங்க புல்லுக்குப் போவாங்க, கலா. அந்தப் பக்கம் போற ஆறு வீட்டுக்கும் நீயே நேராப் போய்ச் சொல்லணும். ஒரு வீடு விடக் கூடாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் காவலுக்குப் போனார்.

சாயங்காலம் போனேன். ஐந்து வீட்டில் சொன்னேன். ஆறாவது ஜோசப் மாமா வீடு, லயத்தின் கடைசி. கதவு மூடியிருந்தது. அக்டோபர் மாதம் அவர்களுக்கு ஜெபமாலை மாதம், வீடு வீடாகப் போய் ஜெபிப்பார்கள், எல்லாரும் அங்கே போயிருப்பார்கள் என்று நினைத்தேன். தூறல் விழுந்தது. வீட்டில் மாவிளக்கை ஏற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன். நாளை ஞாயிறு, அவர்கள் பூசைக்குத்தானே போவார்கள், காட்டுக்கா போகப் போகிறார்கள் என்று படலைத் தொட்ட கையோடு திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நோட்டில் ஆறு பெயருக்கும் டிக் போட்டேன். ஒரு வீட்டைச் சும்மா விட்டால் பக்கம் அசிங்கமாக இருக்கும் என்று பட்டது. மறுநாள் காலையில் அப்பா புறப்படும்போது நோட்டைப் பார்த்தார். “மச்சான்கிட்டயும் சொல்லிட்டியா?” என்று கேட்டார். சொல்லியாச்சு என்றேன்.

அன்றைக்குக் கோயில் சாமியாருக்குக் காய்ச்சல். பூசையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள். பூசை இல்லை என்றதும் ஜோசப் மாமா நல்ல சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஆட்டுக்குப் புல் அறுக்கப் பத்தொன்பதாம் பிளாக்குக்குப் போனார். லாலான் புல் அசைந்ததைப் பார்த்து டாக்டர் சுட்டார்.

டாக்டர் மேல் வழக்கு நடந்ததும், அவர் தண்டனை பெற்றதும் உனக்குத் தெரியும். நீ ஜொகூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் பெட்டியை மூடியிருந்தார்கள். உனக்குத் தெரியாதது இதுதான். அப்பா காவல் நிலையத்திலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், “உண்மையச் சொல்லு கலா, போனியா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வீடு பூட்டியிருந்துச்சு என்றேன். நோட்டை எடுத்துப் பார்த்தார், மூடினார், என் கையில் கொடுத்தார். மறுநாள் வாக்குமூலத்தில் ஜோசப்புக்குச் சொல்ல வேண்டியது நான், மறந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்ஸியிடமும் அதையே சொன்னார். எல்ஸி அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்து, இனி என் மூஞ்சில முழிக்காதே என்று கத்தினாள். அவளைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அவள் என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பதினான்கு வருடம் அந்தக் கேக்கை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

பெருமாளைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு வேண்டியது சனிக்கிழமை விரதம். பொய்யை நான்தான் சேர்த்துக் கொடுத்தேன். இன்றும் மூன்றாம் சனியில் மாவிளக்கு போடுகிறேன், விட்டுவிடப் பயமாக இருக்கிறது. ஏற்றும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இப்போது உன் படிவத்துக்கு வருகிறேன். போன வாரம் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே நிரப்பினார். உயரம், எடை, சப்பாத்து அளவு, எந்தக் கண்ணால் குறி பார்ப்பீர்கள், எல்லாம். பதினோராவது கேள்வி: நீங்கள் பங்கெடுத்த வேட்டையில் யாருக்காவது காயம் பட்டதுண்டா? அதற்கு நேரே பெரிய பெரிய ஆங்கில எழுத்தில், ஒரு மனிதர் இறந்தார், நான் அவரிடம் சொல்லவில்லை, தவறு என்னுடையது என்று எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு என்னிடம் நீட்டி, தபாலில் போடச் சொன்னார். நான் போடவில்லை. அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ரத்து செய்யச் சொன்னது அவர் அந்த வரியை இன்னொரு தேசத்திலும் போய் எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. நீயும் அவரும் ஐந்து நாள் மலையில் தனியாக இருந்தால் அவர் உன்னிடம் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சொல்லியிருக்கமாட்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். ஆறாவது டிக்கைப் பார். தைப்பூசம் முடிந்ததும் சிலிபினுக்குப் போய் எல்ஸியிடம் சொல்லப் போகிறேன். அதுவரைக்கும் எந்த முடிவும் எடுக்காதே. பிறகு ரத்து செய்வதோ செய்யாததோ உன் இஷ்டம், நான் குறுக்கே வரமாட்டேன்.

அம்மா.


புந்தோங்.
20.2.2025

அன்பு மகன் யுகேந்திரனுக்கு அம்மா எழுதுவது. நீயும் தினேஸ்வரியும் சுகமாக இருப்பதை அப்பாவின் போனில் கேட்கும் சத்தத்திலிருந்து தெரிந்துகொள்கிறேன்.

பதினைந்தாம் தேதி தாண்டிவிட்டது. நீ ரத்து செய்யவில்லை, பயணம் உறுதி என்று அப்பாவிடம் சொன்னாயாம்.

பதின்மூன்றாம் தேதி காலையில் பஸ் ஏறி எல்ஸி வீட்டுக்குப் போனேன். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “வாக்கா, என்ன போன்கூட அடிக்காம வந்துட்ட, கோப்பி போடவா” என்றாள். வேண்டாம் என்று சொல்லி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்கமாட்டேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்துப் போனேன். அவள் கடைசிக் கட்டு வரைக்கும் கீரையை ஆய்ந்தாள். அப்புறம், “கதவத் தட்டுனியாக்கா?” என்று கேட்டாள். இல்லை, படலோடு திரும்பிவிட்டேன் என்றேன்.

“பூட்டலக்கா. சும்மா சாத்திதான் கெடந்துச்சு. எங்க மாமியார் உள்ள படுத்திருந்தாங்க. கண்ணுதான் தெரியாது அவங்களுக்கு, காது நல்லாக் கேக்கும். ஒரு கொரல் குடுத்திருந்தா போதும்லா” என்றாள்.

அதை நான் இத்தனை வருடத்தில் நினைத்தே பார்க்கவில்லை, தம்பி. பூட்டியிருந்தது, பூட்டியிருந்தது என்றே சொல்லிச் சொல்லி, பூட்டு தொங்கியதைக் கண்ணால் பார்த்தது போலவே இருந்துவிட்டேன். அந்தக் கிழவி கட்டிலில் படுத்துக்கொண்டு என் காலடிச் சத்தத்தைக்கூடக் கேட்டிருப்பார். யாரோ வந்துவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

எல்ஸி கீரைத் தண்டைக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினாள். “நீ போக்கா. விவியன் வாரதுக்குள்ள போயிரு” என்றாள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பாதி தூரம் நடந்தே வந்தேன்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் அவர் வாசலில் மேசை விசிறியைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். விவியன் மோட்டாரில் எல்ஸியை ஏற்றிக்கொண்டு வந்தாள். அப்பா பின்பக்கம் போக எழுந்தார். எல்ஸி கேட்டுக்கு வெளியே நின்றே, “அண்ணே, போகாதீங்க” என்றாள். கையில் எண்ணெயோடு அப்படியே நின்றுவிட்டார்.

“எனக்கு ஏண்ணே சொல்லல?” என்று கேட்டாள்.

“சொல்லியிருந்தா உனக்கு நாங்க ரெண்டு பேரும் இல்லாமப் போயிருப்போம். மச்சானும் இல்ல. பக்கத்துல ஒரு ஆளாச்சும் வேணும்லா உனக்கு. அது அவளா இருக்கட்டும்னு விட்டுட்டேன்” என்றார்.

நான் கதவுக்கு உள்ளே நின்று கேட்டேன். என்னைக் காப்பாற்றத்தான் செய்தார் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எல்ஸிக்காகவும் செய்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்ஸி அவர் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவரும் அழுதார். இரண்டு பேரும் ஜோசப் மாமாவைப் பற்றி ஏதேதோ பேசினார்கள். நடுவில் ஒரு தடவை சிரித்ததுகூடக் கேட்டது. நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். விவியன் குடித்தாள். எல்ஸி என் பக்கம் திரும்பவில்லை, போகும்போது அப்பாவிடம் மட்டும் வாரேண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள். அது நியாயம்தான். அப்பாவுக்கு இல்லாதிருந்த அவள் பேச்சு எனக்கு இத்தனை வருடம் இருந்தது. இப்போது அவருக்கு இருக்கிறது.

அவள் போன பிறகு அப்பா என்னிடம், “யாரு உன்னைச் சொல்லச் சொன்னா? நான் பழகிட்டேன்லா” என்றார். மூன்றாம் நாள் படிவத்தைக் கொண்டுவா என்றார். அரிசி டின்னுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. பதினோராவது கேள்வியில் நான் சொல்லவில்லை என்று இருந்ததை அடித்து, நாங்கள் சொல்லவில்லை என்று மேலே எழுதினார். என் மனைவி என்று எழுதுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “கையெழுத்து யாரோடது? வாய மூடிக்கிட்டு ஸ்டாம்ப ஒட்டு” என்றார். துப்பாக்கியோடு வருபவர் என்ற கட்டத்தில் போட்டிருந்த குறியையும் அடித்துவிட்டு, கூட நடந்து வருபவர் என்ற கட்டத்தில் போட்டிருக்கிறார். மலையைப் பார்க்க வேண்டும், காட்டில் நடக்க வேண்டும், சுடுவதானால் நீ சுட்டுக்கொள் என்கிறார். படிவம் இதோடு இருக்கிறது. கடப்பிதழும் எடுத்தாகிவிட்டது. பால்குடத்தை நான் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதற்கு அவர் வேண்டியதில்லை.

மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து, எந்த நேரம் எது என்று எழுதி அவர் பையில் வைப்பேன். ஒரு நாள் விடாமல் விழுங்குகிறாரா என்று நீ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், கேட்டால் போட்டாச்சு என்றுதான் சொல்வார். முழங்காலுக்குக் கம்பளிப் பட்டை வாங்கியிருக்கிறேன். மலையில் இருக்கும்போது ஜோசப் மாமாவைப் பற்றி அவராகப் பேசினால் பேசவிடு. நீயாக எதையும் கேட்க வேண்டாம்.

என் இரண்டாவது கடிதம் உனக்குக் கிடைத்துப் பத்து நாளாவது ஆகியிருக்கும். அதற்குப் பிறகு நீ மூன்று தடவை போன் செய்தாய். மூன்று தடவையும் அப்பாவிடம் பேசிவிட்டு வைத்துவிட்டாய். அம்மா எங்கே என்று கேட்பாயோ என்று நான் அடுப்பைக் குறைத்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. உனக்குக் கொஞ்ச காலம் வேண்டியிருக்கும். எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்.

ஏப்ரல் நாலாம் தேதி அவரை விமானம் ஏற்றிவிட்டு வருவேன். போனை விட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன், வீட்டில் நான் ஒருத்திதான் இருப்பேன். அவர் வந்து இறங்கினார் என்று நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. அவர் பேச வேண்டாம், நீ சொல். திட்டுவதானால் திட்டிவிட்டும் சொல்லலாம்.

காடும் மலையும் உங்களை நல்லபடியாக உள்ளே விட்டு நல்லபடியாக வெளியே அனுப்பட்டும். நீயும் தினேஸ்வரியும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

போனை என் கையில் வைத்துக்கொண்டிருப்பேன்.

அம்மா
கலாதேவி